தலையெழுத்தும் தலைமேல் புள்ளியும்
காலின் இரத்தக் குழாயும் மேல்மரபியலும் சந்தித்த வரலாறு



சென்ற தவணையில் படிவம் 5 மாணவர்களுக்கு 'நோயற்ற வாழ்வு' என்ற தலைப்பில் கட்டுரை கொடுத்திருந்தேன். ஒரு மாணவி, "எங்கள் குடும்பத்தில் நோய் தலையெழுத்து" என்று ஒரே வரியில் ஒரு பத்தியை முடித்திருந்தாள். வழக்கம்போல சிவப்பு மையில் வட்டமிட்டு, 'கருத்து விரிவு தேவை' என்று எழுதிக் கொடுத்தேன். ஓய்வு நேரத்தில் அவள் தாளோடு வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க தாத்தாவுக்கு இனிப்பு நீர். கால எடுத்துட்டாங்க. இப்ப அப்பாவுக்கும் இனிப்பு நீர். கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குதுன்னு நின்னுடுறாரு. அடுத்து எனக்கும் அதானே? இத எப்படி டீச்சர் விரிவா எழுதுறது?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் தமிழ் ஆசிரியர், மருத்துவர் அல்ல. ஆனால் கேள்வி நியாயமானது. நம் நாட்டில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அப்படியென்றால் நம் வகுப்பறைகளில் பல பிள்ளைகள் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காமலே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் தேடிப் படித்தேன். படித்ததை வரலாறாகவே எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு அறிவியலும் ஒரே நாளில் பதில் கண்டுவிடவில்லை.

1. குதிரை சொல்லிக்கொடுத்த பாடம்

காலுக்கு இரத்தம் கொண்டு போகும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து, வழி குறுகிப்போவதைப் புறத்தமனி நோய் என்கிறோம். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. நடக்கும்போது தசைக்கு இரத்தம் அதிகம் வேண்டும். குறுகிய குழாயால் அதைக் கொடுக்க முடியாது. கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் சில நிமிடத்தில் வலி போய்விடும். மறுபடி நடந்தால் மறுபடி வலிக்கும்.

இந்த 'நடந்தால் வலி, நின்றால் சரி' என்ற ஒழுங்கை முதலில் எழுதிவைத்தவர் மனித மருத்துவர் அல்ல, பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் ஒருவர். 1831இல் பூலே என்பவர், வண்டி இழுத்த ஒரு பெண்குதிரையைப் பற்றி எழுதினார். கொஞ்ச தூரம் ஓடியதும் அதன் பின்னங்கால்கள் நொண்டும். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். காரணம், அதன் தொடைத் தமனிகள் அடைபட்டிருந்தன. 1858இல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ அதே ஒழுங்கை ஒரு மனிதரிடம் விவரித்தார். இன்றும் மருத்துவர்கள் இந்த வலியைக் 'கிளாடிகேஷன்' என்கிறார்கள். நொண்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

இருபதாம் நூற்றாண்டில் நோயை அளக்கக் கற்றுக்கொண்டார்கள். 1950இல் வின்சர், கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய முறையைக் காட்டினார். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால், காலின் தமனியில் அடைப்பு இருப்பதாக இன்று கொள்கிறார்கள். 1954இல் ஃபோன்டேன் நோயை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: அறிகுறியே இல்லாத கட்டம், நடந்தால் வலிக்கும் கட்டம், படுத்திருந்தாலும் வலிக்கும் கட்டம், புண்ணும் அழுகலும் வரும் கட்டம். மாணவியின் தாத்தா நான்காவது கட்டத்தில்தான் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரத்தில் 1948இல் தொடங்கிய நீண்ட கால ஆய்வு, யாருக்கு இந்த நோய் அதிகம் வருகிறது என்று காட்டியது. புகைபிடிப்பவர்களும் இனிப்பு நீர் உள்ளவர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். யாருக்கு வருகிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் வேறொரு கேள்வி மிச்சம் இருந்தது. புகையை விட்டு ஆண்டுகள் ஆன பிறகும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் சிலருக்கு ஆபத்து முழுதாக விலகவில்லையே, ஏன்? குழாய் எதையோ ஞாபகம் வைத்திருக்கிறதா? அப்படியானால் எங்கே எழுதி வைத்திருக்கிறது?

2. எழுத்து மாறாமல் ஒலி மாறுமா?

இதற்கான பதில் வேறொரு துறையில் வளர்ந்துகொண்டிருந்தது. 1942இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் வாடிங்டன் 'எபிஜெனெடிக்ஸ்' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். 'எபி' என்றால் கிரேக்க மொழியில் 'மேல்'. தமிழில் மேல்மரபியல் என்று சொல்லலாம். ஒரே கருவிலிருந்து வந்த உயிரணுக்களில் ஒன்று தோலாகவும் இன்னொன்று நரம்பாகவும் ஆவது எப்படி என்பதுதான் அவருடைய கேள்வி. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் தெரிய வந்தது 1953இல்தான். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே அவர் இதைக் கேட்டுவிட்டார்.

1948இல் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், கன்றின் டிஎன்ஏவில் வழக்கமான நான்கு எழுத்துகளோடு, சற்றே மாறிய ஐந்தாவது ஒன்றைக் கண்டார். உண்மையில் அது புதிய எழுத்து அல்ல. சைட்டோசின் என்ற பழைய எழுத்தின்மேல் மெத்தில் என்ற சிறிய வேதிக் குறி உட்கார்ந்திருந்தது. அந்தக் குறிக்கு என்ன வேலை? 1975இல் ஹாலிடேயும் பியூவும் ஒரு பக்கம், ரிக்ஸ் தனியாக இன்னொரு பக்கம், கிட்டத்தட்ட ஒரே விடையைச் சொன்னார்கள்: அந்தக் குறி மரபணுவை இயக்கவும் அடக்கவும் பயன்படலாம். உயிரணு இரண்டாகப் பிரியும்போது, குறியும் நகலெடுக்கப்பட்டுப் புதிய உயிரணுவுக்குப் போகும்.

இந்த இடத்தில் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'க' என்று எழுதுங்கள். அதன் தலையில் ஒரு புள்ளி வையுங்கள். எழுத்தின் உடல் அப்படியேதான் இருக்கிறது. ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் அகர ஒலி அடங்கிவிட்டது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்திருக்கிறது. டிஎன்ஏவின் மேல் உட்காரும் மெத்தில் குறியும் பெரும்பாலும் இப்படித்தான். மரபணு இருக்கிறது, ஆனால் பேசுவதில்லை.

எல்லாக் குறிகளும் ஒலியை அடக்குவதில்லை. டிஎன்ஏ நூல், ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த உருண்டைகளின் மேலும் குறிகள் விழும். சில குறிகள் நூலை இறுக்கும். சில குறிகள் தளர்த்தி மரபணுவைப் பேச வைக்கும். நம் எழுத்தில் புள்ளி மட்டுமா இருக்கிறது? கொம்பும் காலும்கூட ஒலியை மாற்றுகின்றன அல்லவா, அது மாதிரிதான். ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். மரபியலும் பல காலம் புள்ளிகளைப் பார்க்காமல் எழுத்தை மட்டுமே படித்துக்கொண்டிருந்தது.

3. பசி வைத்த புள்ளி

குறி உண்மையிலேயே வாழ்க்கை முழுவதும் நிற்குமா என்ற கேள்விக்கு ஒரு போர் பதில் வைத்திருந்தது. 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ரயில்வே ஊழியர்கள் நேச நாடுகளுக்கு ஆதரவாக வேலைநிறுத்தம் செய்தார்கள். நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர்கள் பதிலுக்கு மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். குளிர்காலத்தில் கால்வாய்களும் உறைந்துபோயின. டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை ஒரு ஆளுக்கு ஒரு நாள் பங்கீடு சுமார் 400 முதல் 800 கலோரிதான். 20,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் பசியும் முடிந்தது.

பஞ்சத்துக்குத் தெளிவான தொடக்கமும் முடிவும் இருந்தன. பங்கீட்டுக் கணக்கும் பிறப்புப் பதிவேடும் இருந்தன. ஆகவே, அந்த மாதங்களில் கருவில் இருந்தவர்களைப் பிறகு தேடிப் பிடிக்க முடிந்தது. கருவில் பசியைச் சந்தித்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது என்று 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. 2008இல் ஹெய்மன்ஸ் குழுவினர், கருவுற்ற காலத்தையொட்டிப் பசியைச் சந்தித்த 60 பேரின் இரத்தத்தை, பஞ்சத்தைச் சந்திக்காத அவர்களுடைய உடன்பிறப்புகளின் இரத்தத்தோடு ஒப்பிட்டனர். வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்2 என்ற மரபணுவின்மேல், பசியைச் சந்தித்தவர்களுக்கு மெத்தில் குறிகள் குறைவாக இருந்தன. பஞ்சம் முடிந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும்!

இதைப் படிக்கும்போது நம் தாத்தா பாட்டிகளின் ஜப்பான் காலமும் மரவள்ளிக்கிழங்கும் உடனே மனசுக்கு வரும். எனக்கும் வந்தது. ஆனால் வரலாற்று மாணவர்கள் இங்கே அவசரப்படக் கூடாது. நெதர்லாந்தில் முடிவு சொல்ல முடிந்ததற்குக் காரணம் பதிவேடும், ஒப்பிடக் கிடைத்த உடன்பிறப்பும்தான். சான்று இருக்கும் இடத்தில் மட்டுமே முடிவு சொல்ல வேண்டும். அந்த ஆய்வுகூட ஒரு குறி நிலைத்திருப்பதைத்தான் காட்டியது. அந்தக் குறிதான் நோயைக் கொண்டுவந்தது என்று நிரூபிக்கவில்லை.

4. இனிப்பை மறக்காத குழாய்

சரி, இதுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் இரண்டு வரலாறுகளும் ஒன்று சேர்கின்றன.

1983இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பாதிப் பேருக்குச் சர்க்கரையை மிகக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினார்கள். மீதிப் பேருக்கு அன்றைய வழக்கமான சிகிச்சை. 1993இல் ஆய்வு முடிந்ததும், கண்டிப்பான முறையே நல்லது என்று தெரிந்து, எல்லாருக்கும் அதையே பரிந்துரைத்தார்கள். சில ஆண்டுகளில் இரு குழுக்களின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அப்படியானால் நோயும் சமமாகியிருக்க வேண்டும், இல்லையா? ஆகவில்லை. தொடக்கத்திலேயே கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் 42 விழுக்காடு குறைவு என்று 2005இல் தெரியவந்தது. பழைய சர்க்கரையை உடம்பு மறக்கவில்லை. ஆய்வாளர்கள் இதற்கு 'வளர்சிதை நினைவு' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த நினைவு எங்கே இருக்கிறது? 2008இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் எல்-ஓஸ்டா குழுவினர், தமனியின் உட்சுவர் உயிரணுக்களை அதிகச் சர்க்கரையில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு ஆறு நாள்கள் சாதாரண அளவுக்கு மாற்றினார்கள். ஆறு நாள் கழித்தும், அழற்சியைத் தூண்டும் ஒரு மரபணுவின் அருகே, ஹிஸ்டோனின் மேல் விழுந்த குறி அப்படியே இருந்தது. மரபணுவும் உரக்கப் பேசிக்கொண்டே இருந்தது. அழற்சி நீடித்தால் தமனிச் சுவரில் கொழுப்பு படிவது எளிதாகும். 'ஒரு நாள் விருந்துதானே, நாளைக்கு மருந்து போட்டா போச்சு' என்று நாம் சொல்வதுண்டு. ஆய்வுக்கூடத்து உயிரணு மனித உடம்பு அல்ல. இருந்தாலும் அந்தப் பேச்சை இனி யோசித்துத்தான் பேச வேண்டும்.

5. புகையும், ஓட்டமும், காலும்

அடுத்தது புகை. 2011இல் ஜெர்மனியின் பிரைட்லிங் குழுவினர், புகைபிடிப்பவர்களின் இரத்தத்தில் எஃப்2ஆர்எல்3 என்ற மரபணுவின்மேல் மெத்தில் குறி குறைந்திருப்பதைக் கண்டார்கள். இந்த மரபணு உருவாக்கும் புரதம், இரத்தம் உறைவதற்குத் தட்டணுக்களைத் தூண்டும் வேலையில் பங்கு பெறுகிறது. ஏற்கெனவே குறுகிப்போன குழாயில் இரத்தக்கட்டியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

2014இல் அமெரிக்காவில் நடந்த எலி ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. இரத்தம் சீராக ஓடாமல் சுழலும் இடங்களில், மெத்தில் குறி வைக்கும் நொதி கூடுதலாக வேலை செய்கிறது. குழாயைக் காக்கும் மரபணுக்கள் சில அடங்கிப்போகின்றன. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது கொழுப்புப் படிவு குறைந்தது. தமனிகள் கிளை பிரியும் இடங்களிலும் வளைவுகளிலும் அடைப்பு ஏன் அதிகம் என்பதற்கு இது ஒரு விளக்கம் தருகிறது.

காலையே நேரடியாகப் பார்த்த ஆய்வும் உண்டு. பெரிய தமனி அடைபட்டால் பக்கத்துச் சிறு தமனிகள் பெருத்து மாற்றுப் பாதை அமைக்க முயலும். சாலையை மூடினால் சந்து வழியாகப் போவது மாதிரி. 2017இல் வெளிவந்த எலி ஆய்வில், மெத்தில் குறிகள் கூடும்போது இந்த மாற்றுப் பாதை வளர்வது தடைபடுவதையும், குறி வைக்கும் நொதியைத் தடுத்தால் பாதை நன்றாக வளர்வதையும் கண்டார்கள். 1831இல் பூலே பார்த்த நொண்டும் குதிரைக்கும், 1942இல் வாடிங்டன் கேட்ட கேள்விக்கும் முடிச்சு விழுந்தது இந்த மாதிரி ஆய்வுகளில்தான்.

6. புள்ளியை அழிக்க முடியுமா?

மாணவியின் கேள்வி இங்கேதான் நிற்கிறது. டிஎன்ஏவின் எழுத்து பெற்றோரிடமிருந்து வருகிறது. அதை நாம் மாற்ற முடியாது. இனிப்பு நீர் வரும் வாய்ப்பில் அந்த எழுத்துக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துப் பேசுவது பிள்ளைகளை ஏமாற்றுவது. ஆனால் புள்ளி?

2016இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு ஏறக்குறைய 16,000 பேரின் இரத்தத்தைப் பார்த்தது. புகையால் மாறிய குறிகளில் பெரும்பாலானவை, புகையை விட்ட ஐந்து ஆண்டுகளுக்குள், எப்போதும் புகைக்காதவரின் நிலைக்குத் திரும்பியிருந்தன. சில குறிகள் மட்டும் முப்பது ஆண்டுகள் கழித்தும் போகவில்லை. இந்த இரண்டு செய்தியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால், 'எப்ப வேணும்னாலும் விட்டுக்கலாம்' என்ற அலட்சியம் வரும். இரண்டாவதை மட்டும் சொன்னால், 'இனிமே விட்டு என்ன பிரயோசனம்' என்ற சலிப்பு வரும்.

மருந்து? மெத்தில் குறியைக் குறைக்கும் மருந்துகள் சில இரத்த நோய்களுக்கு ஏற்கெனவே பயன்படுகின்றன. ஆனால் அவை உடம்பு முழுவதும் குறிகளைக் கலைத்துவிடும். நோட்டில் ஒரு புள்ளியை அழிக்கப் போய், பக்கம் முழுவதும் ரப்பர் தேய்த்த கதைதான். காலின் தமனிக்கு என்று அப்படி ஒரு மருந்து இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. இன்றைக்குக் கைவசம் இருப்பவை பழையவையே: புகையை விடுவது, சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவது, மருத்துவர் தரும் மாத்திரைகள், முறையான நடைப்பயிற்சி. வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சி, நடக்கும் தூரத்தைக் கூட்டும் என்பது நிரூபணமானது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

உலகில் 20 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் 'வயசாயிடுச்சு, கால் வலிக்காம என்ன செய்யும்' என்று சும்மா இருப்பவர்கள். தலையெழுத்து என்ற ஒரு சொல், ஒரு மனிதரைக் கிளினிக் வாசலுக்குப் போகவிடாமல் தடுக்கிறது என்றால், அந்தச் சொல்லின்மேல் நாமும் ஒரு புள்ளி வைக்க வேண்டியிருக்கிறது.

அந்த மாணவியிடம் கடைசியில் நான் சொன்னது இதுதான்: "எழுத்து வந்த வழி உன் கையில இல்லம்மா. ஆனா புள்ளி எல்லாமே பிறக்கும்போதே வச்சதில்ல, பின்னாலயும் விழுது. சிலதை வராம பாத்துக்கலாம், சிலதை அழிக்கலாம். முதல்ல அப்பாவைக் கிளினிக்குக்குப் போகச் சொல்லு. கணுக்கால்ல அழுத்தம் பார்க்கச் சொல்லு." அப்பா போனார். முடிவு என்ன என்பது அவர்கள் வீட்டு விஷயம். இங்கே எழுத மாட்டேன். ஆனால் அவள் அந்தப் பத்தியைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு வரி இருந்த இடத்தில் பதினான்கு வரிகள் இருந்தன. இந்த முறை சிவப்பு மை தேவைப்படவில்லை.

வகுப்பில் கலந்துரையாட:

1. மனிதனின் நோயைப் புரிந்துகொள்ள ஒரு குதிரை உதவியது. ஒரு துறையின் கண்டுபிடிப்பு இன்னொரு துறைக்கு உதவிய வேறு நிகழ்வு ஒன்றைக் கூறுக.

2. நெதர்லாந்துப் பஞ்சம் பற்றிய ஆய்வுக்கு எவ்வகைச் சான்றுகள் உதவின? பதிவேடுகள் இல்லாதிருந்தால் என்ன முடிவு சொல்லியிருக்க முடியும்?

3. 'எழுத்து', 'புள்ளி' என்னும் உவமை மேல்மரபியலை எந்த அளவுக்கு விளக்குகிறது? எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது?

4. 'நோய் தலையெழுத்தா?' என்ற தலைப்பில், இக்கட்டுரையிலிருந்து குறைந்தது மூன்று சான்றுகளைக் காட்டி 250 சொற்களில் விவாதக் கட்டுரை எழுதுக.